சக்கரத்தின் நடுப்புள்ளி

விமானத்துக்கு நாமம் போட வேண்டும் என்று ஆதிநாராயணன் சொன்னபோது கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். நாமம் போடுவது என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? அதிலும் சொன்னவர் ஆதிநாராயணன். ஆந்திர எல்லையில் குப்பம் என்ற ஊரில் கிரானைட் பாறையை அறுத்து விற்றுப் பெரிய மனிதரானவர். அவர் எத்தனை பேருக்கு நாமம் போட்டிருப்பார் என்று அந்தப் பாறைகளைத்தான் கேட்க வேண்டும். முனிசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது தொழில்.

குடுபல்லியிலிருந்து கிளம்பும் கிரானைட் லாரிகளில் பாதிக்கு அவன்தான் எழுதியிருந்தான். முன்னால் நாமம், வலப்பக்கம் சக்கரம், இடப்பக்கம் சங்கு, பின்னால் டிரைவர் கேட்கிற வாசகம். அவன் மச்சான், அதாவது மனைவி சென்னம்மாவின் தம்பி சிரஞ்சீவி, ரேணிகுண்டாவில் ஆதிநாராயணனின் விமானக் கொட்டகையில் என்ஜின் மெக்கானிக். "எங்க மாமா கை லேத்துல கடைஞ்ச மாதிரி வரையும் சார்" என்று அவன்தான் சொல்லி அழைத்துவந்தான். லாரிக்கு எழுதியவனுக்கு விமானம் என்றதும் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து ரேணிகுண்டாவில் ஒரு அறை எடுத்துவிட்டான்.

அது தொண்ணூற்று நான்காம் வருடம். யார் வேண்டுமானாலும் விமானம் விடலாம் என்று டெல்லியில் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கதவு திறந்தால் முதலில் நுழைகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆதிநாராயணன் ஏலத்தில் இரண்டு டகோட்டா விமானங்களை எடுத்தார். ஓடுதளத்தை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, 'சுவர்ணமுகி ஏர் கார்கோ' என்று பலகை மாட்டினார். மதனப்பள்ளித் தக்காளி இனிமேல் கல்கத்தாவுக்குப் பறந்துதான் போகும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

விமானங்கள் இரண்டும் உலகப் போர்க் காலத்தவை. பழைய பெட்ரோல் என்ஜின்கள் எண்ணெயைக் கக்கும், புகையைக் கக்கும், பெட்ரோலைக் குடிப்பதில் வெட்கமே கிடையாது. அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடல் தாண்டிப் பெட்டியில் வந்த டர்போபிராப் என்ஜின்களை மாட்டினார்கள். "இனிமே இது துன்றது பெட்ரோல் இல்ல மாமா. நம்ம ஸ்டவ்வுக்கு ஊத்துற கிருஷ்ணாயில்தான், கொஞ்சம் சுத்தம் பண்ணது" என்றான் சிரஞ்சீவி. புது என்ஜின் பழையதில் பாதி எடைகூட இல்லையாம். லேசான என்ஜினைப் பழைய இடத்திலேயே வைத்தால் விமானம் வால்பக்கம் சாயும். அதனால் என்ஜினை முன்னுக்குத் தள்ளி, இறக்கைக்கு முன்னால் உடம்பை வெட்டி, நடுவில் ஒரு கை நீளத்துக்குப் புதுத் துண்டு சேர்த்திருந்தார்கள். வெட்டிச் சேர்த்தபோது பழைய விமானத்தில் மூக்குக்குக் கீழே கொம்பு போல நீட்டியிருந்த குழாயின் வேலையில் பாதியை இந்தப் புதுத் துண்டின் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது என்ன வேலை என்று முனிசாமிக்குத் தெரியாது. வர்ணம் அடிக்கிறவனுக்கு அது எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

முதல் விமானத்தின் வேலை முடிந்து, சோதனைகள் முடிந்து, பொறுப்பானவர்கள் கையெழுத்தும் போட்ட பிறகுதான் ஆதிநாராயணனுக்கு நாமத்தின் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை ராகு காலத்துக்கு முன்னால் விமானம் கிளம்ப வேண்டும். மீட்டர்களுக்கெல்லாம் பொறுப்பான என்ஜினியர் யதுகிரி அன்று மதியமே திருப்பதிக்கு, வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அப்பா கோயில் கைங்கரியக்காரர். இரண்டு நாள் தூங்காமல் வேலை பார்த்த பெண், போய்த் தூங்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"ஏமய்யா முனிசாமி, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடுவியா?" என்றார் ஆதிநாராயணன்.

"முடிச்சிடறேன் சார். தூறல் போட்டுக்கினே கீது, காயறதுதான் லேட்டாவும்."

"காயாட்டி போவுது. கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்."

மூக்கில் நாமம் நிமிர்ந்து நின்றது. அடுத்து வலப்பக்கம் சக்கரம். முனிசாமி சுண்ணாம்புக் கட்டியோடு புதுத் தகட்டைப் பார்த்தான், அசந்துபோனான். கையை உயர்த்தினால் எட்டுகிற இடத்தில், பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டப் பில்லை பதித்திருந்தது. அதற்குள் ஊசி முனை போன்ற சின்னச் சின்ன ஓட்டைகள், வட்டமாக. யாரோ காம்பஸ் வைத்து நடுப்புள்ளி குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தான். அங்கேயும் அதே இடத்தில் அதே பில்லை. சங்கின் சுழி அங்கே வந்து உட்கார்ந்தால் எத்தனை எடுப்பாக இருக்கும்! பெருமாளே இடம் காட்டுகிறார் என்று நினைத்தான், மனசு நிறைந்துபோனது.

பில்லையைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டு 'தொடாதே' என்று எழுத வேண்டிய இடம் அது. இரண்டாவது விமானத்தில் அந்த ஓட்டைகளின் மேல் சிவப்புப் பட்டையே ஒட்டியிருந்தது. இந்த விமானத்தில் சோதனைக்காகப் பட்டையை எடுத்தாயிற்று, எழுத்து இன்னும் வரவில்லை. அதை எழுதப் போகிறவனும் முனிசாமிதான். அதற்கான வேலைச் சீட்டை அடுத்த வாரம் தருவதாக இருந்தார்கள்.

இருபது வருடமாக வர்ணம் அடிக்கிறவன் கண்ணில் ஓட்டை பட்டால் என்ன செய்வான்? பட்டி பார்ப்பான். ஆணி அடித்த இடம், ரிவெட் உதிர்ந்த இடம், எதுவானாலும் பட்டி வைத்து அடைத்து, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, மேலே வர்ணம். அது யோசித்துச் செய்கிற காரியமே அல்ல, கை தானாகச் செய்யும். முனிசாமியின் கை செய்தது. கட்டைவிரலால் பட்டியை அழுத்தி வழித்தான். ஓட்டைகள் மறைந்தன. அதன் மேல் தங்க நிறத்தில் சக்கரத்தின் நடுக்குடத்தை வைத்தான், அங்கிருந்து ஆரங்களை இழுத்தான், விளிம்பில் தீச்சுடர்களை எழுப்பினான். அவன் வாழ்க்கையிலேயே அத்தனை நல்ல சக்கரம் அதுவரை வந்ததில்லை. இடப்பக்கமும் அதே மாதிரி பட்டி பார்த்துச் சங்கை எழுதினான்.

சிரஞ்சீவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தான். என்ஜினைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத பையன் அவன்.

"யோவ் மாமா! சுத்துற மாதிரியே கீதுய்யா!"

"கிட்ட வராத மச்சான், ஈரம்."

மறுநாள் காலையில் கொட்டகை முன்னால் கூட்டம். ஆதிநாராயணனின் மனைவி பத்மாவதி உறவுக்காரப் பெண்களோடு வந்திருந்தாள். சென்னம்மா தம்பிக்குத் திருஷ்டி சுற்ற உப்பும் மிளகாயும் முடிந்துகொண்டு வந்தாள். சிரஞ்சீவி பறக்கப் போகிறான் என்பது முந்தின ராத்திரிதான் முடிவானது. புது என்ஜினின் சத்தத்தை மேலே போய்க் கேட்க ஒரு மெக்கானிக் வேண்டும் என்று கேப்டன் ஹரிபாபு சொன்னார். விமானப் படையில் பழைய டகோட்டா ஓட்டியவர். கட்டுமஸ்தான ஆள், நல்ல பக்தர். பக்கத்தில் உட்கார ஒரு துணை பைலட்டும் உண்டு.

"பயமா கீதாடா?" என்றாள் சென்னம்மா.

"எதுக்கு அக்கா பயம்? மாமா போட்ட சக்கரம் கூட வருதே" என்று சிரித்தான் சிரஞ்சீவி. அவள் சுற்றிய மிளகாயை நெருப்பில் போட்டபோது நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி நிறைய இருந்தது, கழிந்தது என்று அவளுக்குச் சந்தோஷம்.

பறப்பதற்கு முன்னால் கேப்டன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவது வழக்கம். டயரை உதைத்துப் பார்ப்பார், இறக்கையின் ஓரத்தை ஆட்டிப் பார்ப்பார், ஒவ்வொரு இடமாகக் கையை வைப்பார். ஹரிபாபு அன்றும் சுற்றினார். இடப்பக்கத்தில் ரோஜா மாலை சங்கை மூடித் தொங்கியது. வலப்பக்கம் வந்து, சக்கரத்தின் முன்னால் நின்று, கையை உயர்த்தி, சரியாக நடுக்குடத்தில் விரலை வைத்து அழுத்தினார். பிறகு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூட்டத்தில் நாலைந்து பேர் கோவிந்தா என்றார்கள். கேப்டனின் இமையில் பொட்டாகத் தங்க வர்ணம் ஒட்டியிருந்தது. ஐயோ, அடியில் பட்டி காயவில்லை, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும் என்று முனிசாமி பதறினான். திரும்பி வந்ததும் அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சற்றுத் தள்ளி, காலையில் திரும்பி வந்திருந்த யதுகிரி நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். அவளும் கைகூப்பினாள்.

விமானம் ஓடி, வால் எழும்பி, தரையை விட்டபோது பழைய டகோட்டாவின் தடதடப்பு இல்லை. ஒரே சீறல். மலைப்பக்கம் அப்போது நன்றாகவே தெரிந்தது. கிழக்கேயிருந்து மேகம் மட்டும் தாழ இறங்கி வந்துகொண்டிருந்தது. விமானம் மேலே வளைந்து திரும்புவதற்குள் தூறல் பிடித்தது, கூட்டம் கொட்டகைக்குள் ஓடியது. மலை இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது.

உள்ளே இரண்டாவது டகோட்டா பாதி வேலையில் நின்றது. பத்மாவதி அதைச் சுற்றி வந்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிவப்புப் பட்டையைக் காட்டி, "இது ஏன்ம்மா பிளாஸ்திரி போட்டிருக்கு?" என்று யதுகிரியிடம் கேட்டாள்.

யதுகிரி பட்டையின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே காசு அளவுக்கு ஒரு பில்லை. வட்டமாக ஓட்டைகள். பின்னால் நின்ற முனிசாமி பார்த்தான்.

"இதுதான் விமானத்துக்குக் காது மாமி. பஸ்ல திருமலைக்கு ஏறச்சே நமக்குக் காது அடைக்கும் இல்லையா? மேல போகப்போகக் காத்து லேசாறது. அந்தக் காத்து இந்த ஓட்டை வழியா உள்ள போனாத்தான் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம்னு முள் காட்டும். கொட்டகையில தூசு போகக்கூடாதேன்னு ஒட்டி வெச்சிருக்கோம்."

முனிசாமிக்குக் காதுக்குள் ஏதோ அடைத்தது. கால் தானாக முன்னால் வந்தது.

"அம்மா... அது அடைச்சிக்கினா இன்னா ஆவும்?"

"அடைச்சா முள் தரையில இருக்கறதாவே காட்டிண்டு இருக்கும். மேகத்துல போயிட்டா, பாவம், எங்கே இருக்கோம்னே தெரியாது." அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கவலைப்படாதீங்க முனிசாமி. அதுக்குத்தான் கேப்டன் பறக்கறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையில விரலை வெச்சுப் பார்ப்பார். இன்னிக்கும் வெச்சாரே, நாமெல்லாம் பார்த்தோமே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவர் எங்கே விரல் வைத்தார் என்பது அப்போதுதான் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். விரல் வைத்தது ஞாபகம் இருந்தது. கண்ணில் ஒற்றியதும் ஞாபகம் இருந்தது. ஓட்டை அவள் ஞாபகத்தில் இல்லை.

வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன், ஆதிநாராயணன் சும்மா விடமாட்டார் என்று முனிசாமிக்கு வரிசையாகத் தோன்றியது. அத்தனைக்கும் மேலே சிரஞ்சீவியின் சிரிப்பு வந்து நின்றது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று நினைத்தான்.

"பட்டி வெச்சிட்டேம்மா. ரெண்டு பக்கமும். அது மேலதான் சக்கரமும் சங்கும் போட்டேன். எனக்குத் தெரியாதும்மா, மச்சான் உள்ள கீறான்..."

யதுகிரி அவனைத் திட்டவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயர்லெஸ் இருந்த அறைக்கு ஓடினாள். முனிசாமி பின்னாலேயே ஓடினான். அங்கே ஏற்கெனவே ஹரிபாபுவின் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. உயரம் காட்டும் முள் நகரவில்லை, வேகம் குறைந்துகொண்டே போகிறது, மூக்கைத் தாழ்த்துகிறேன், சுற்றிலும் மேகம்.

"தாழ்த்தாதீங்கோ சார்!" யதுகிரி கத்தினாள். "வேகம் குறையலை, முள்தான் பொய் சொல்றது. காத்து ஓட்டை ரெண்டும் அடைச்சிருக்கு. ஏறி இறங்கறதைக் காட்டற மீட்டரோட கண்ணாடியை உடையுங்கோ, உள்காத்து முள்ளுக்குப் போகும். உடனே சார்!"

அந்தப் பக்கம் ஹரிபாபு, "ஸ்பேனர் எடு" என்றார். அடுத்தாற்போல் வந்த குரலை முனிசாமி நன்றாக அறிவான். என்ஜினைத் தவிர வேறெதையும் பார்க்காதவனின் குரல்.

"எது சார்? இதுவா?"

கண்ணாடி நொறுங்கியது. அது அத்தனை தெளிவாகக் கேட்டது. யதுகிரியின் முகம் மலர்ந்தது, முனிசாமியும் பெருமூச்சு விட்டான். முள் இப்போது உண்மையைச் சொல்லியிருக்கும், எத்தனை தாழ வந்துவிட்டார்கள் என்று காட்டியிருக்கும். அதன் பிறகு வயர்லெஸ்ஸில் எதுவும் வரவில்லை. யதுகிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே கூட்டம் தூறல் விட்டதென்று மறுபடி வானத்தைப் பார்த்து நின்றது. சென்னம்மா வாசலில் எட்டிப்பார்த்து, "இன்னாய்யா, தம்பி பேசுனானா?" என்றாள். பேசினான் என்று தலையை ஆட்டினான் முனிசாமி. அது பொய்யில்லை.

கரகம்பாடிக்கு மேலே மலைச்சரிவில் விறகு பொறுக்கப் போனவர்கள் மறுநாள் காலையில் வந்து சொன்னார்கள். கொட்டகையில் இருந்தவர்கள் வண்டி போகிற வரைக்கும் போய், பிறகு முள்ளுக்காட்டில் நடந்து ஏறினார்கள். ஏறும் வழியெல்லாம் சென்னம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முனிசாமி வாயெடுத்தான். அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்த ஆதிநாராயணன் பக்கத்திலேயே வந்தார். "விசாரணைக்காரங்க கேக்கறவரைக்கும் நோரு மூசுகோ, வாயத் தொறக்காத, அர்த்தமாச்சா?" என்று காதோரம் சொன்னார். முன்னால் போன யதுகிரி திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொல்லத்தான் போறேன் சார். என் பேரையும் சேர்த்து. நானும் கும்பிட்டுண்டுதானே நின்னேன்."

மேலே என்ஜின்கள் இருந்த இடம் கரியாகக் கிடந்தது. வால் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். மூன்று பேரையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒரு துணிக்கு வெளியே நீட்டியிருந்த கை இன்னும் ஸ்பேனரைப் பிடித்திருந்தது. சென்னம்மா அதைப் பார்த்த மாத்திரத்தில் தரையில் விழுந்து புரண்டாள். முனிசாமிக்கு அழவும் வரவில்லை. அழுகிற உரிமை தனக்கு உண்டா என்று நினைத்தான்.

நெருப்பு பிடிப்பதற்கு முன்பே விமானத்தின் முன்துண்டு ஒன்று பிய்த்துக்கொண்டு தூரப் போய் விழுந்திருந்தது. அந்தப் புதுத் தகடுதான். அடிவார ஊர்க்காரர்கள் அதைத் தூக்கி ஒரு பாறையில் சாய்த்து வைத்திருந்தார்கள். சக்கரம் ஒரு கீறல்கூட இல்லாமல் வெயிலில் பளபளத்தது. அதன் முன்னால் கற்பூரம் எரிந்தது, யாரோ காட்டுப் பூவைச் செருகியிருந்தார்கள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அத்தனையும் எரிந்து இது மட்டும் எரியவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லி மெய்சிலிர்த்தார்கள். யதுகிரி மட்டும் கைகூப்பாமல் கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு முனிசாமியைப் பார்த்தாள். அவனும் போனான்.

குடத்தின் நடுவே பட்டி காய்ந்து இறுகியிருந்தது. அதில் ஒரு பள்ளம். கேப்டனின் விரல் ரேகைகூட அச்சாகப் பதிந்திருந்தது. சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார். நூலிழைகூடத் தப்பவில்லை.

சென்னம்மாவை இரண்டு பெண்கள் தாங்கிக் கூட்டிவந்தார்கள். சக்கரத்தைக் கண்டதும் அவள் அவர்களை விலக்கிவிட்டுத் தானே நின்றாள்.

"எல்லாம் எரிஞ்சிப் போச்சே. இத்த மட்டும் நெருப்பு தொடல பாருய்யா. நீ போட்டது. என் தம்பி போறச்ச இது கூட வருதுன்னு சொல்லிட்டுப் போனானே."

அவள் கையை நீட்டினாள். அவள் விரல் அந்தப் பள்ளத்தில் போய் அப்படியே பொருந்தி நின்றது. எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"சென்னம்மா, கும்பிடாத" என்றான் முனிசாமி.

கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "ஏன்யா?" என்று அவள் கேட்டாள்.